அண்ணாவின் சூட்டுக்காற்று எஞ்சின்

எரியும் ஸ்பிரிட்டோடு காய்ந்த தகரமும் உருகும் ஈயமும் சேர்ந்து எழும் நெடி மூக்கில் பட்டால், இன்றைக்கும் என் கை தன்னையறியாமல் உச்சந்தலையை மூடிக்கொள்ளும். பொறியியல் எனக்குள் இறங்கிய வழி அதுதான்.

வெள்ளைக்காரன் மூட்டை கட்டத் தொடங்கியிருந்த காலம். வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதையை ஒட்டிய ஒழுங்கையில், துறைமுகக் கந்தோர் ஒன்றில் கிளாக்கராயிருந்த ஐயா, அம்மா, அண்ணா, நான் என்று நால்வர் குடியிருந்தோம். அரசாங்கக் கிளாக்கர் வேலைக்கான கிளறிக்கல் சோதனையில் இருமுறை கோட்டைவிட்ட அண்ணா, பின் விறாந்தையில் சூடான காற்றால் ஓடும் எஞ்சின் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அது ஓடினால் இரத்மலானையில் ரயில் வேலைத்தளத்துக்குத் தொழில் பழகப் போகலாம், ஓடாவிட்டால் மறுபடியும் சோதனை எழுத வேண்டும் என்பது ஐயாவின் தீர்ப்பு.

எஞ்சினின் விதிகளை அண்ணா என் தலையில் குட்டிக் குட்டித்தான் சொல்லித்தந்தார். உயரமான சிகரெட் தகர டப்பாவின், அதாவது "பேணி"யின் அடியைச் சூடாக்க வேண்டும், தலையில் தண்ணீர் நிற்க வேண்டும், சூடு களவாக மேலே ஏறினால் எஞ்சின் படுத்துவிடும் என்பது முதற் குட்டு. உள்ளே ஏறியிறங்கிக் காற்றைச் சூட்டுப் பக்கமும் குளிர்ப் பக்கமும் துரத்துகிற சின்னப் பேணி சுவரில் முட்டவே கூடாது. ஆனால் அந்தக் காற்று விரிந்து சுருங்குவதை வாங்கிச் சக்கரச் சில்லைச் சுற்றும் பித்தளைப் பிஸ்டனோ, சைக்கிள் பம்பிலிருந்து அறுத்த தன் குழாய்க்குள், காற்றைக் கசியவும் விடாமல் இறுகவும் செய்யாமல் வழுக்கி இறங்க வேண்டும். இரண்டையும் நான் மாற்றிச் சொன்னபோது விழுந்ததைக் குட்டு என்பது மரியாதைக் குறைவு.

"உராய்வுதான்ரா எதிரி. தன்னைத் தான் சுத்துறதுக்கே இதிட்டைச் சத்தில்லை," என்பார். பின்னாளில் நான் பார்த்த உத்தியோகங்களுக்கும் அது பொருந்தியது.

ஞாயிறு காலை ஐயா வேட்டிக்கு மேல் பெல்ட் கட்டி வந்து கதிரையில் அமர்ந்தார். பேணிக்கு அடியில் ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தி, சூடேறியதும் அண்ணா சில்லைச் சுண்டினார். அரைவட்டம் போய் நின்றது. மறுபடியும் சுண்டினார், நின்றது.

"இதுக்கோடா இவ்வளவு நாளும் ஸ்பிரிட் எரிச்சனி?"

பெல்ட் இறங்கியது. முதல் அடி அண்ணாவின் தோளில், அடுத்தது காதில்; கொளுக்கி கிழித்த இடத்திலிருந்து இரத்தம் கழுத்துக்கு வழிந்தது. அண்ணா எஞ்சின்மேல் கவிந்தபடி, மிச்சத்தை முதுகில் வாங்கிக்கொண்டு, பிஸ்டனை உருவித் தடவினார். விரலில் சாம்பல்.

"ஆர் இதிலை திருநீறு பூசினது?"

அம்மாவின் பதில் குசினி வாசலிலிருந்து வந்தது. "நான்தான் ராசா. நல்லாய் ஓட வேணுமெண்டு விடியக் குளிச்சுப்போட்டு மூண்டு குறி போட்டனான்."

தையல் மெஷின், மணிக்கூடு, சைக்கிள் எதுவும் எங்கள் வீட்டில் அம்மாவிடம் திருநீறு வாங்காமல் வேலை தொடங்கியதில்லை; அவையெல்லாம் சைவத்தை ஏற்றுக்கொண்டன. இதன் குழாய்க்குள் மட்டும் தூள் உதிர்ந்து பிஸ்டனைப் பிடித்துவிட்டது.

"நீயும் சேர்ந்தோ கூத்தாடுறாய்?" என்று ஐயா அம்மாவை நோக்கிப் பெல்ட்டை ஓங்கினார். அதுவரை அம்மாவை அவர் அடித்ததில்லை. ஓங்கிய கை இறங்கவில்லை. மணிக்கட்டு அண்ணாவின் பிடியில் இருந்தது.

"என்னை அடியுங்கோ ஐயா. அம்மாவிலை பட்டால் இந்தக் கையை முறிப்பன்," என்றார் தணிந்த குரலில். மணிக்கட்டில் ஏதோ நெரிவது எனக்குக் கேட்டது. பெல்ட் விழுந்தது.

அண்ணா பிஸ்டனை உடுத்திருந்த சாரத்தில் துடைத்து மாட்டிச் சில்லைச் சுண்டினார். புகையில்லை, இரைச்சலில்லை, ஓடியது. ஐயா வெளியே பார்த்தபடி மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஓடுது ஐயா," என்றேன்.

"கொண்ணனை நாளைக்கு வேளைக்கு எழும்பச் சொல்லு. இரத்மலானைக்குப் போற காலமைக் கோச்சி காத்து நிக்காது."

அதன் பிறகு ஐயாவும் அண்ணாவும் நேருக்கு நேர் கதைக்கவேயில்லை. அரிசி விலையிலிருந்து அண்ணாவின் கலியாணம்வரை எல்லாம் என் வாய்வழியாகவே போய் வந்தன. பல வருடங்களின் பின் படுக்கையில் விழுந்த ஐயா, "கொண்ணனிட்டைச் சொல்லு, அந்தக் கை இன்னும் நோகுதெண்டு," என்றார். சொன்னேன். அண்ணா தானே வந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தபடி விடியும்வரை இருந்தார்.

இன்று அந்த ஒழுங்கையில் மாடிவீடுகள். சிகரெட்டும் காகிதப் பெட்டியில் வருகிறது. என் பிள்ளைகள் நினைத்ததை என் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார்கள். ஒருவரின் பேச்சை இன்னொருவரிடம் கொண்டுபோகும் உத்தியோகம் ஒன்றுதான் எனக்கு ஒழுங்காகத் தெரிந்திருந்தது. அதற்கு இப்போது வீட்டில் ஆள் தேவையில்லை.