நாலு கம்பியும் ஒரு சரணமும்

போன வாரம் தேனியில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மேடையில் பாட்டுக் கச்சேரி. பேஸ் கிடார் வாசித்தவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு பாட்டு சரியாக அமையவில்லை. உடனே என்ன செய்தார் தெரியுமா? குனிந்து கிடாரை முறைத்தார். அப்புறம் ஆம்ப்ளிஃபயரை முறைத்தார். கடைசியில் மைக் செட்காரரை முறைத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எதுக்கு இப்பிடிச் சிரிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"அங்க நிக்கிறது நான்தான்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் போடிநாயக்கனூரில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் கிளார்க். அது வாரத்தில் ஆறு நாள். ஏழாவது நாள் நான் பேஸ் கிடாரிஸ்ட்! எங்கள் மெல்லிசைக் குழுவின் தலைவர் கனகராஜ் அண்ணன். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், மேடையில் ஆர்கன் வாசிப்பார். பாடுவது விமலா. தையல் கிளாஸ் டீச்சர்.

பேஸ் கிடார் என்றால் நாலே நாலு தடித்த கம்பி. பாட்டுக்கு அடியில் நடந்துகொண்டே இருக்கும் கனமான சத்தம். சினிமாப் பாட்டுகளில் அந்தச் சத்தம் தனியாகக் காதில் விழ ஆரம்பித்திருந்த காலம் அது. ரேடியோவில் 'தூம்... தூம்...' என்று உருண்டையாக வரும். என் கிடாரில்?

'தொப்.'

ஈரச் சாக்கைத் தரையில் போட்ட மாதிரி.

ஒருநாள் கனகராஜ் அண்ணன் பொறுமை இழந்தார். "மாப்ளே, அடுத்த மாசம் போடிமெட்டுக்கு மேல எஸ்டேட்டுல புரோகிராம். உன் கிடாரு இப்பிடியே தொப்பு தொப்புன்னு கெடந்துச்சுன்னா மதுரையில இருந்து ஆளக் கூட்டிட்டு வந்துருவேன். சொல்லிட்டேன்."

"கிடாருதாண்ணே சரியில்ல. நான் சரியாத்தான் வாசிக்கிறேன்" என்றேன். முழு நம்பிக்கையோடு.

கருவியைக் குறை சொல்வதில் ஒரு பெரிய சௌகரியம் — அது எதிர்த்துப் பேசாது.

குழுவில் இன்னொரு பிரச்சினையும் இருந்தது. விமலா தனியாகப் பாடும் ஒரு பாட்டு. சரணத்தின் மூன்றாவது வரி வந்ததும் கனகராஜ் அண்ணன் கையைத் தூக்கி நிறுத்திவிடுவார். "விமலா, சுதி எறங்குதும்மா." ஒவ்வொரு ரிகர்சலிலும். நாலு வருஷமாக! விமலா தலையை ஆட்டிவிட்டு அந்த இடத்தை அடக்கிப் பாடுவார். "நல்ல குரல்தான், காதுதான் பத்தல" என்று நான்கூடத் தபேலாக்காரரிடம் பெருமூச்சு விட்டிருக்கிறேன்.

அது கிடக்கட்டும். கிடாருக்கு வருவோம்.

முதலில் கம்பிகள். வாங்கியபோது போட்டிருந்த கம்பிகள்தான், வியர்வை பட்டுக் கறுத்திருந்தன. வெந்நீரில் கொதிக்க வைத்தால் அழுக்குப் போய்விடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கழற்றிச் சுருட்டி, அடுப்பில் பாத்திரம் வைத்து, சோடா உப்புப் போட்டுக் கொதிக்கவிட்டேன். ரசம் என்று நினைத்து ஆத்தா மூடியைத் திறந்து பார்த்துவிட்டது.

"அப்பு! இது என்னடா கருமம்?"

"கிடாருக் கம்பி ஆத்தா."

"அதுக்கு வயிறு சரியில்லையா?"

கொதித்த கம்பிகள் நான்கு நாள் நன்றாகப் பேசின. ஐந்தாம் நாள் மறுபடியும் தொப். சரி, புதுசு போட்டுவிடுவது என்று மதுரைக் கடைக்குக் கடிதம் எழுதினேன். பஸ் பார்சலில் வந்து சேர்ந்தது. பழைய கம்பிகள் வழவழப்பானவை. இவை மேலே உருண்டைக் கம்பி சுற்றியவை. விரலை இழுத்தால் 'கிரீச்' என்றன. சத்தம் பளிச்சென்று ஆனது. ஆனால் வலு இல்லை. சளி பிடித்தவர் பேசுகிற மாதிரி...

அடுத்து பிக்கப். கம்பிகளுக்கு அடியில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். உள்ளே காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுச் செப்புக் கம்பி. மேலே கம்பி அதிர்ந்தால் அதை மின்சாரமாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது இதுதான். இதைப் போடியில் யார் சரிபார்ப்பார்கள்? பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் பேச்சிமுத்துவை விட்டால்? ராசிங்காபுரத்துக்காரன், என் சிநேகிதன். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை.

மீட்டரை வைத்துப் பார்த்தான். "உள்ள ஷார்ட் ஆகிக் கெடக்கு மாப்ளே. சுத்துனதுல பாதி செத்துப்போச்சு. மெல்லிசுக் கம்பி மட்டும் கொண்டா, சுத்திப் பாப்போம்."

மதுரை ரேடியோ ஸ்பேர்ஸ் கடையில் வாங்கி வந்தேன். கையில் வாங்கியதும் அவன் முகம் மாறியது. "கெணத்து மோட்டாரே தேவலாம். இது தலமுடி கணக்காவுல்ல இருக்கு!"

ஃபேன் காற்றுக்கே அறுந்துவிடும் என்று ஃபேனை நிறுத்தினான். மத்தியானம், கடைக்குள் வெக்கை. மூன்று தடவை அறுந்தது. தேவாரத்தில் இருந்து மோட்டாரைக் கொண்டுவந்து காத்திருந்த ஒரு விவசாயிக்குத் தாங்கவில்லை.

"எப்பா, அங்க என் வாழ காயுது. நீ வெளையாட்டுச் சாமானுக்குச் சுத்திக்கிட்டு இருக்க!"

"இந்தா முடிஞ்சிருச்சுண்ணே. அடுத்து ஒங்க சோலிதான்."

நாலாவது தடவை முழுசாகச் சுற்றி மாட்டினால், ஆம்ப்ளிஃபயரில் ஒரே விசில். பேச்சிமுத்து அசரவில்லை. மெழுகுவர்த்தியை உருக்கி, பிக்கப்பை அதில் முக்கி எடுத்தான். சுற்றுகள் ஆடாமல் இறுகின. விசில் நின்றது. இரண்டு பக்கத் திருகுகளையும் திருப்பி, தடித்த கம்பிக்குக் கீழே கொஞ்சம் இறக்கி, மெல்லிய கம்பிக்குக் கீழே கொஞ்சம் ஏற்றி வைத்தான்.

தட்டினேன்.

'தூம்ம்ம்...'

தேவாரத்துக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அடேயப்பா! நெறஞ்ச கெணத்துல மோட்டாரு எடுத்தாப்புல இருக்கு!" இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த விமர்சனம் அதுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட வகுப்பறையில் ரிகர்சல். எல்லோரும் பாராட்டினார்கள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். விமலாவின் பாட்டு வந்தது. பல்லவி அருமை. சரணம்... இரண்டாவது வரி அருமை. மூன்றாவது வரியில் என் விரல் வழக்கமான இடத்தில் அழுந்தியது. சத்தம் மணி மாதிரித் தெளிவாக வந்தது.

தெளிவாக — தப்பாக.

எனக்கு மட்டும் சுருக்கென்றது. நான் வாசித்த இடத்துக்கும் விமலா நின்ற இடத்துக்கும் ஒட்டவே இல்லை. அதற்குள் கனகராஜ் அண்ணன் கையைத் தூக்கிவிட்டார்.

"விமலா, சுதி எறங்குதும்மா."

நாலு வருஷப் பழக்கம். காதுக்கும் பழக்க தோஷம் உண்டு. என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

அங்கேயே எழுந்து உண்மையைச் சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. சொல்லவில்லை. கிடாரில் டோன் என்று ஒரு திருகு உண்டு; மூடினால் சத்தத்தின் தெளிவு மங்கிவிடும். அதை மெதுவாக மூடினேன். மறுபடியும் 'தொப்'. யாருக்கும் எதுவும் தெரியாத, பத்திரமான தொப்.

ரிகர்சல் முடிந்து வயர்களைச் சுருட்டும்போது விமலா கனகராஜ் அண்ணனிடம் சொன்னார். "எஸ்டேட்டுப் புரோகிராமோட நான் நின்னுக்கிறேண்ணே. எனக்குச் சுதி நிக்க மாட்டேங்குது. தையல் கிளாசே போதும்."

"யோசிச்சுச் சொல்லும்மா" என்றார் அவர். வேண்டாம் என்று தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து டேப் ரிக்கார்டரில் அந்தப் பாட்டைப் போட்டு, கூடவே வாசித்தேன். கிடாரின் கழுத்தில் ஒரே ஒரு கட்டம் தள்ளி விரலை வைத்துக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் தப்பாகக் கேட்டுப் படித்தது, அப்படியே கையில் ஊறிவிட்டது. பத்துத் தடவை திருப்பிப் போட்டேன். டேப் ரிக்கார்டரைக் குறை சொல்ல முடியுமா என்றுகூட யோசித்துப் பார்த்தேன்!

மதுரைக்காரர் வந்தால் வரட்டும் என்று மறுநாள் காலை கனகராஜ் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவருடைய ஆர்கனோடு சேர்த்து என் தப்பை வாசித்துக் காட்டினேன். பிறகு சரியானதை. அவர் சட்டையை எடுத்து மாட்டினார்.

"வா வெரசா."

தையல் கிளாசில் ஏழெட்டுப் பெண்கள் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் அண்ணன் சொன்னார்: "விமலா, சுதி எறங்குனது நீயில்லம்மா. இவன். நானும் கவனிக்காம ஒன்னையவே வஞ்சுக்கிட்டு இருந்துருக்கேன்."

விமலாவின் மிஷின் நின்றது. என்னைப் பார்த்தார்.

"எத்தன நாளாண்ணே?"

"ஆரம்பத்துல இருந்தேம்மா..."

"அப்ப நான் எறங்கவே இல்லையா?"

"இல்ல."

அவர் மறுபடியும் மிஷினை மிதித்தார். கையிலிருந்த துணியைக் கடைசி வரை தைத்தார். நூலை வெட்டினார். பிறகு கனகராஜ் அண்ணனைப் பார்த்துக் கேட்டார்: "அடுத்த ரிகர்சல் எத்தன மணிக்குண்ணே?"

எஸ்டேட் புரோகிராம் ஞாயிறு மத்தியானம். கிடாரை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் வளைவு வளைவாக ஏறினோம். ஏலக்காய் ஸ்டோருக்கு முன்னால் இருந்த களத்தில் மேடை. வேலையாட்கள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வரி வந்தது. நான் சரியான இடத்தில் விரலை வைத்தேன். விமலா அடக்கவில்லை. முழுக்குரலையும் எடுத்து அந்த உச்சியில் நின்றார்... கூட்டத்தில் பேச்சு நின்றுவிட்டது. முன்வரிசையில் இருந்த மலையாளத்து சூப்பர்வைசர், "கொள்ளாம் கேட்டோ!" என்று பாராட்டிக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார். அந்தப் பாட்டை இன்னொரு தடவை பாடச் சொன்னார்கள். பாடினார்.

இறங்கும்போது ஜீப்பில் விமலா என் எதிரே இருந்தார்.

"மன்னிச்சுக்கம்மா" என்றேன்.

"நாலு வருசமா வீட்டுலகூட அந்தப் பாட்டப் பாடுனதில்லண்ணே. மன்னிக்கிறதெல்லாம் அப்பறம் பாப்போம். இனிமே அந்தத் திருக மூடாம வாசிங்க. அன்னைக்கு நீங்க மூடுனத நான் பாத்தேன்."

குனிந்து மடியில் இருந்த கிடாரைப் பார்த்தேன்.

இன்றைக்கும் டோன் சரியில்லை என்று யாராவது கேட்டால் தைரியமாகச் சொல்வேன்: கம்பியை மாற்றுங்கள், பிக்கப்பைச் சரிபாருங்கள். சத்தம் நிச்சயம் தெளியும். நீங்கள் வாசிப்பது எல்லோருக்கும் கேட்கும். எல்லாமே கேட்கும்!

மதுரையிலிருந்து ஆள் வரவில்லை. விமலா அதற்குப் பிறகு ஆறு வருஷம் எங்களோடு பாடினார். எங்கே சுதி பிசகினாலும் அவர் முதலில் திரும்பிப் பார்ப்பது என்னைத்தான்.

பெரும்பாலும் சரியாகத்தான் பார்த்தார்.