இலை இருக்கும் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவனின் வீடியோ கால் வருவதற்கு முன்னால் மேகலா செடித் தொட்டியைத் திருப்பி வைப்பாள். இலை இருக்கும் பக்கம்தான் போனில் தெரிய வேண்டும். முன்பெல்லாம் லேசாகத் திருப்பினாலே போதும். இப்போது எப்படித் திருப்பினாலும் ஒரு மொட்டைக் கிளை எட்டிப் பார்க்கிறது.

அது இச்சி மரம், அரசமரத்து இனம், முழங்கை உயரம். குரும்பலூர் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிச் சுவர் வெடிப்பில் முளைத்தது. சுவரைப் பிளந்துவிடும் என்று எல்லோரும் பிடுங்கி எறியும் செடியை, அவள் கணவன் செந்தில்குமார் வேரோடு எடுத்து, கம்பி சுற்றி, தட்டையான மண்தொட்டியில் போன்சாய்க் குட்டைமரமாக வளர்த்துக் கூடத்தில் வைத்தான். சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பும்போது, "தைக்கு லீவுல வந்துடுவேன். அதுவரைக்கும் இதச் சாகவுடாம பாத்துக்க" என்றான். அந்தத் தை போய்விட்டது. அடுத்த தைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

மேகலா ஜாக்கெட் தைக்கிறவள். பெரம்பலூர் டவுனிலிருந்துகூடத் துணி வரும். தையலை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பழைய ஜாக்கெட்டுகளைப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். கையை இணைக்கும் கைக்குழியில் சுருக்கம் விழுந்தால் இஸ்திரி போட்டு மறைக்க மாட்டாள், மொத்தத்தையும் பிரித்துவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு இப்போது ஒரு தையல் முழுதாக ஓடவில்லை. பாதியில் மிஷினை நிறுத்திவிட்டுக் கூடத்துக்குப் போவாள். தரையில் மஞ்சள் இலை கிடக்கும். பொறுக்கி, வெட்டுத்துணிப் பைக்குள் போட்டுவிட்டு வந்து உட்காருவாள். உட்கார்ந்ததும் இன்னொன்று விழுந்த மாதிரி இருக்கும்.

"புருஷன் மரத்தப் பாக்குற பார்வைய எந்துணி மேல வச்சிருந்தா, இந்நேரம் நான் கல்யாணத்துக்குப் போயிட்டே வந்திருப்பேன்" என்றாள் துணி வாங்க வந்த வேணி.

"நாளைக்குத் தரேங்க்கா."

"நேத்தும் நாளைக்குத்தான்."

வெளிச்சம் போதவில்லையோ என்று மரத்தைச் சமையலறை ஜன்னலுக்கு மாற்றினாள். இலை இன்னும் கொட்டியது. அடுப்புச் சூடோ என்று மறுபடி கூடத்துக்கே கொண்டுவந்தாள். இடம் மாற்றினால் இந்த மரம் இலையை உதிர்க்கும் என்று செந்தில் சொன்னது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. மிஷின் விளக்கைக் கழற்றி வந்து இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். வெள்ளையாகப் பஞ்சு மாதிரி கொஞ்சம் மாவுப்பூச்சி இருந்தது. சோப்புத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்து ஒவ்வோர் இலையாகத் துடைத்தாள். பூச்சி போயிற்று. இலை கொட்டுவது நிற்கவில்லை.

தண்ணீரை நிறுத்திப் பார்த்தாள். நாலைந்து நாள் கழித்து விரலை விட்டால் மண் சொதசொதவென்றிருந்தது.

அவள் மாமியார் கொளஞ்சியம்மாள் வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அத்தே, தொட்டில தண்ணி ஊத்துனீங்களா?"

"எனக்கு வேற வேல இல்லயா? முட்டி வலில நானே நகர முடியாம கெடக்கேன்."

அன்று வெள்ளிக்கிழமை. டீ தண்ணீராக இருந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் பால்காரர் ஏமாற்றுகிறார் என்று மேகலாவுக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம்.

டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். பிரித்துப் பார்க்காமல் இது தெரியாது. பழைய சாக்கை விரித்து, தொட்டியைச் சாய்த்து, மரத்தை மண்ணோடு வெளியே எடுத்தாள். புளித்த மோர் வாடை குப்பென்று வந்தது. தொட்டியின் அடி ஓட்டைகளை வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் நனைந்த நூல்போல உருவிக்கொண்டு வந்தது.

"அத்தே! பாலா ஊத்துனீங்க?"

கொளஞ்சியம்மாள் முந்தானையைச் சரி செய்தாள். "ஒரு டம்ளர்தான்டி. வெள்ளிக்கு வெள்ளி. ஏரிக்கரை அரசமரத்துக்கு நடக்க முடியுதா என்னால? இதுவும் அந்த வம்சந்தானே. எம்புள்ளயக் கொண்டாந்து சேருன்னு கேட்டேன். போன தைக்கு வரேன்னான், வந்தானா?"

"ஒங்க புள்ள வச்ச மரமே சாவுது!"

"நல்ல பால்டி. ஒரு சொட்டுத் தண்ணி கலக்கல."

"அதெல்லாம் டீல கலந்துட்டீங்க."

கொளஞ்சியம்மாள் சிரிக்கவில்லை. கையை ஊன்றி எழுந்து வந்து வேரைப் பார்த்தாள். "இவ்வளவா போச்சு?" என்றாள் மெதுவாக.

மேகலா கத்தரிக்கோலை வெந்நீரில் கழுவி, அழுகிய வேரையெல்லாம் வெட்டினாள். கொளஞ்சியம்மாள் கேட்காமலே பழைய செங்கல்லைச் சுத்தியலால் தட்டி, சலித்துக் கொடுத்தாள். தண்ணீர் தங்காமல் ஓட, செங்கல் பொடியும் ஆற்று மணலும் போட்டு மரத்தைத் திரும்ப வைத்தார்கள். மீதியிருந்த இலைகளில் பாதி அப்போதே விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேகலா தொட்டியைத் திருப்பவில்லை.

"என்னடி இது, வெறகு மாதிரி நிக்குது?" என்றான் செந்தில்.

அவள் வாயைத் திறப்பதற்குள் கொளஞ்சியம்மாள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அவளத் திட்டாத. பால் ஊத்துனது நாந்தான்டா."

"மரத்துக்கா?"

"ஒனக்காகத்தான்டா, நீ வந்து சேரணும்னு."

 "மேகலா, பட்டையச் சொரண்டிப் பாரு. உள்ள பச்சையா இருந்தா உசுரு இருக்கு" என்றான் செந்தில்.

தையல் பிரிக்கும் ஊசியால் சுரண்டினாள். முதல் கிளை, உள்ளே காய்ந்த பழுப்பு. அடுத்ததும் அப்படியே.  அடிமரத்தில் ஊசியை வைத்தாள். ஈரமாக, பச்சையாக ஒரு கீறல்.

"இருக்குங்க."

"அப்ப எடத்த மாத்தாத. மண்ணு காஞ்சாத் தண்ணி. சும்மா சும்மா கை வைக்காத."

"தைக்கு வருவீங்கல்ல?"

"லீவு கேட்டிருக்கேன்."

போன வருஷமும் இதையேதான் சொன்னான்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் மேகலா மாமியாரை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகிறாள். பால் பெரிய மரத்துக்குப் போகிறது. டீ மட்டும் இன்னும் தண்ணீர்தான். வீட்டில் மிஷின் பாதியில் நிற்கிறது. எழுந்து போகிறாள். கை தானாகத் தொட்டியின் விளிம்புக்குப் போகிறது.

"வுடுடி. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று வாசற்படியிலிருந்து குரல் வருகிறது.

மேகலா திரும்பி வந்து ஊசியில் நூல் கோக்கிறாள். கொஞ்ச நேரத்தில் கொளஞ்சியம்மாளே சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குப் போய், கண்ணாடியைப் போட்டுக் குனிந்து நிற்கிறாள்.

"என்ன அத்தே, துளிர் வுட்டிருக்கா?"

"இல்ல. நீ தையி."