அப்பா மறந்துபோன ரோட்டர்

எங்கள் தோட்டத்துப் பிக்கப்புக்குக் குளிர் ஆகாது. ஹட்டனுக்கு மேலே, வருடத்தில் பாதி நாள் பனிமூட்டத்தில் கிடக்கும் தோட்டத்தில் அப்படி ஒரு வண்டியை வைத்துக்கொண்டு அப்பா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சண்டைக் காலத்தில் ராணுவத்துக்கு ஓடி, யார் யார் கையிலோ மாறி எங்கள் துரையிடம் வந்து சேர்ந்தது அது. பின்கதவு கயிற்றில் நின்றது. ஹாரன் தனக்குத் தோன்றினால் அடிக்கும். ஆனாலும் அதன் பெரிய நோய் ஈரம்தான். எஞ்சினுக்குள் ஈரம் இறங்கிவிட்டால் எத்தனை பேர் தள்ளினாலும் உயிர் வராது.

அதற்கு அப்பா ஒரு வைத்தியம் வைத்திருந்தார். சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் ரோட்டரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். கட்டைவிரல் அளவு, தவிட்டு நிறம், தலையில் ஒரு பித்தளைத் தகடு. ஒவ்வொரு பிளக்குக்கும் நெருப்புப் பொறியைப் பங்கு போட்டுத் தருவது அதுதான். அது இல்லையென்றால் வண்டி வெறும் தகரம். அதைத் துணியில் சுற்றி அடுப்புக்கு மேலே பலகையில் வைத்து உலர்த்துவார், காலையில் எடுத்துப்போய் மாட்டுவார். ஒன்பது வயதில் எனக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். பள்ளிக்கூடத்து வாய்ப்பாடுதான் மண்டையில் ஏறவில்லை.

அந்த வருடம் பெரியப்பாவுக்குப் பற்றுச்சீட்டு கொடுத்து வேலையை விட்டு நிறுத்தினார்கள். மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவை எதிர்த்துப் பேசினாராம். தொழிலாளர் லயத்தில் எங்களுக்கு அடுத்திருந்த அவருடைய ஒற்றை அறைக் காம்பராவையும் காலி செய்ய வேண்டும். அதைத் தடுக்கும் அரசாங்கக் கடிதத்தை வாங்கிக்கொண்டு தொழிற்சங்கத் தலைவர் ஹட்டனிலிருந்து நாலு மணி பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. துரைக்கும் அது எட்டிவிட்டது. கடிதம் வருமுன் சாமான்களை ஏற்றித் தோட்டத்து எல்லைக்கு வெளியே இறக்கிவிடும்படி அப்பாவுக்கு உத்தரவு. பெரிய லொறி தேயிலைப் பெட்டிகளோடு கொழும்புக்குப் போயிருந்ததால் பிக்கப்பை விட்டால் வேறு வழியில்லை.

இதையெல்லாம் நான் பின்னால்தான் கோர்த்துப் பார்த்தேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, பெரியப்பா பிள்ளைகள் வண்டியில் ஏறிப் போகப்போகிறார்கள் என்பது மட்டும். எனக்கு வயிறு எரிந்தது.

வண்டி கிளம்பவில்லை. பத்து மணியிலிருந்து அப்பா போராடிக்கொண்டிருந்தார். பிளக்குகளைக் கழற்றிச் சாக்கில் வரிசையாக வைத்துத் துடைத்தார். பெட்ரோல் குழாயை வாயில் வைத்து ஊதினார். கார்புரேட்டரைப் பிரித்தார், பூட்டினார், மறுபடியும் பிரித்தார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பெரியப்பாவின் பானை சட்டியெல்லாம் பாதையோரத்தில் தூறலில் நனைந்துகொண்டிருந்தன.

மத்தியானம் பசித்து வீட்டுக்கு ஓடியவள் அடுப்புக்கு மேலே பார்த்தேன். துணிச்சுருள் அப்படியே இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு நேரமும் அப்பா ரோட்டரே இல்லாமல் மல்லுக்கட்டியிருக்கிறார். ஒரே ஓட்டமாகத் திரும்பி ஓடி, எல்லார் முன்னாலும் நீட்டினேன்.

"அப்பா, ரோட்டர மாட்டாம கார்புரேட்டரப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்களே."

அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. வாங்கினார், வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வெடிச்சுப்போன பழசும்மா" என்று சொல்லி, கையை ஓங்கிச் சரிவிலிருந்த தேயிலைக்குள் வீசிவிட்டார்.

"இல்லப்பா, நேத்து நீங்கதானேப்பா கொண்டாந்து வச்சீங்க." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கண்டாக்கையா எஞ்சினில் ரோட்டர் இருக்கும் இடத்து மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். உள்ளே காலி. "என்னய்யா டிரைவர், ஒம் புள்ளைக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியலயே" என்று சிரித்தார். துரைக்கும் இங்கிலீசில் எடுத்துச் சொல்ல, அவரும் தலையில் அடித்துக்கொண்டார்.

"படிக்காத ஆளுங்கய்யா, கவனிக்காம விட்டுட்டேன்" என்று அப்பா கைகட்டி நின்றார். எனக்கு மானமே போய்விட்டது.

சரிவில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்களைத் தேடச் சொன்னார்கள். ஓடுகிற ஓட்டத்திலும் முற்றிய இலையைத் தவிர்த்துக் கொழுந்தை மட்டும் கிள்ளுகிற கண்கள் அவை. அன்றைக்கு ஒருத்திக்கும் ஒன்றும் தென்படவில்லை. நானும் இறங்கி முட்டி தேயத் தேடினேன். அம்மாவும் அங்கேதான் இருந்தாள், ஆனால் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஒரே செடியையே விலக்கி விலக்கிப் பார்த்தாள். அட்டை கடித்துக் கணுக்காலில் ரத்தம் வழிந்தது; அதற்கும் காலைத் தூக்கவில்லை.

"அம்மா, தள்ளிப்போய்த் தேடும்மா."

"காலு மரத்துப்போச்சு புள்ள. நீ மேல போய்ப் பாரு."

இந்த அம்மாவுக்கும் சமர்த்து போதாது என்று நினைத்துக்கொண்டு மேலே போனேன். நாலு மணிக்கு பஸ் வந்தது. தலைவர் கடிதத்தோடு இறங்கினார். அதைப் படித்துவிட்டுத் துரை பங்களாவுக்குப் போய்விட்டார். பானை சட்டிகளைப் பெரியப்பா வீட்டார் மறுபடியும் காம்பராவுக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்த வாரம் அப்பாவை டிரைவர் வேலையிலிருந்து எடுத்து, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட மலைக்கு அனுப்பிவிட்டார்கள். புது டிரைவர் புது ரோட்டரோடு வந்து பத்தே நிமிடத்தில் வண்டியைக் கிளப்பினார். அதை நின்று பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. லயத்து வாசலில் பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒங்கப்பாவ ஏன் நிப்பாட்டிட்டாங்க?"

"அவருக்கு ரோட்டர்னா என்னன்னே தெரியாது" என்றேன் உரக்க.

வாசற்படியில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். "ஆமாம்மா, தெரியலதான்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தீட்ட ஆரம்பித்தார். அடுத்த வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பெரியம்மா, சுளகை அப்படியே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். பாவம், அவருக்கும் என்னைப் போலவே அப்பாவை நினைத்து வெட்கமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.