படம் வராவிட்டால்

ஜெராக்ஸ் கடைக்காரிக்கு நாற்பத்தாறு வயது. தங்கையின் குரலைக் கேட்டு ஆறு வருடம் ஆகிறது.

"இனிமே என் மூஞ்சியில முழிக்காதே!" என்று அன்று வாசலில் நின்று கத்தியவள் அக்காதான். தங்கை அக்கா சொன்னதை அப்படியே நிறைவேற்றிவிட்டாள். ஊர் மாறினாள், நாடு மாறினாள், போன் நம்பரையும் மாற்றினாள். கத்திய வாய்க்கு அதன்பிறகு ஒரு வேளைச் சாப்பாடாவது ருசித்ததா?

ஒரு நாள் கடைக் கம்ப்யூட்டரில் தங்கையின் பெயரைத் தட்டிப் பார்த்தாள். ஓர் இணையதளம் வந்தது. மற்றவர்களுக்கு வலைப்பக்கம் செய்து கொடுப்பதுதான் தங்கையின் தொழிலாம். அடியில், செய்தி அனுப்ப ஒரு சின்னப் பெட்டி. அதில் எழுத்து மட்டும்தான் ஏறும், படம் ஏறாது. மன்னிப்பை எழுத நான்கு முறை உட்கார்ந்தாள். கை ஓடவில்லை. அவளிடம் இருந்ததோ ஒரே ஒரு புகைப்படம். சின்ன வயதில் தங்கை அவள் மடியில் வாயைப் பிளந்து தூங்கும் படம். அதற்கென்று ஒரு வலைப்பக்கம் செய்துவிட்டால் இணைப்பை அனுப்பலாமே!

அப்படித்தான் தெருமுனைக் கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தாள். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு அவள் வயதில் பாதி.

"அக்கா, இந்தக் குறிக்குப் பேர் டேக். திறந்தா மூடணும். மறந்தா பக்கமே கோணலாயிடும்."

"மூடுறதுல நான் கெட்டிக்காரிம்மா. ஒருத்தி மூஞ்சியிலேயே கதவை மூடினவ."

மூன்றாவது வாரம் படம் வைக்கும் பாடம்.

"இங்க படத்தைப் பத்தி ஒரு வரி எழுதுங்கக்கா. படம் வராட்டி அது தெரியும்."

"வந்துட்டா?"

"யார் கண்ணுலயும் படாது."

யார் கண்ணிலும் படாது! ஆறு வருடமாகத் தொண்டையில் சிக்கிக் கிடந்தது விரல் வழியே அந்த வரியில் இறங்கிவிட்டது. கடையில் திறந்து பார்த்தாள். படம் பளிச்சென்று வந்தது, வரி மறைந்துகொண்டது. அப்பாடா என்று பக்கத்தை இணையத்தில் ஏற்றி, இணைப்பைத் தங்கையின் பெட்டியில் போட்டாள்.

பதினோரு நாள் பதில் இல்லை. புத்தி கடையில் இல்லை. அடையாள அட்டைக்கு ஒரு நகல் கேட்டவருக்கு ஆறு எடுத்து நீட்டினாள். "எனக்கென்னம்மா ஆறு தலையா?" என்றார் அவர்.

பன்னிரண்டாம் நாள் காலை, தெரியாத எண்ணிலிருந்து போன்.

"படம் வரல," என்றது குரல். எப்படி இருக்கே என்றுகூடக் கேட்கவில்லை.

காகிதக் கட்டின்மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். "இங்க வருதேடி!"

"உன் கம்ப்யூட்டர்ல வரும். படத்தை நீ ஏத்தவே இல்ல. அது உன் மெஷின்ல எங்க இருக்குங்கிறதைத்தான் எழுதியிருக்கே. புதுசா கத்துக்கிறவங்க எல்லாரும் பண்ற தப்புதான்."

"அப்போ... அங்க என்ன தெரிஞ்சுது?"

மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"வெறும் கட்டம். உள்ள ஒரு வரி. 'இது என் மடி. ஆறு வருஷமா காலியா கிடக்கு. தப்பு என்மேலதான்டி.'"

அக்கா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

"சரி, கேளு," என்றாள் தங்கை, தொண்டையைச் செருமிக்கொண்டு. "படத்தையும் பக்கம் இருக்கிற இடத்துலயே ஏத்து. அப்புறம் அதோட பேரை மட்டும் எழுது."

சொன்னபடி செய்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால், சரி என்று சொன்னால் போனை வைத்துவிடுவாளே!

"புரியலடி," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "முதல்லேருந்து சொல்லு."

"மக்கு," என்றாள் தங்கை. முதலிலிருந்து ஆரம்பித்தாள்.