முன்னறைக் கம்ப்யூட்டரைப் பார்த்து எழுதியது

மாப்பிள்ளையூரணியில் நானும் மனைவியும் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறோம். முன்னறையில் அவள், பின்னறையில் நான். வருகிறவர்களிடம் பேசுவதெல்லாம் அவள்தான். புதுமுகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. ஜெராக்ஸ், லேமினேஷன் என்று உள்ளேயே இருந்துகொள்வேன்.

அன்று பின்னறைக் கம்ப்யூட்டருக்குப் புது ஹார்டு டிஸ்க் மாட்டி, லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றிக்கொண்டிருந்தேன். பாதியில், நெட்வொர்க்கைத் தானாக அமைக்க முடியவில்லை, நீங்களே விவரம் கொடுங்கள் என்று திரையில் வந்தது. முதலில் ஐபி எண் கேட்டது. பிறகு இந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன பெயர் என்று கேட்டது. நான் பத்தாவதோடு நின்றவன். முன்னறையில் இருப்பது ஒழுங்காகத்தானே ஓடுகிறது, அதில் உள்ளதையே எழுதினால் தப்பு வராது என்று நினைத்தேன். மனைவி டீ போட எழுந்தபோது போய்ப் பார்த்து வந்து, எண்ணையும் பெயரையும் அப்படியே அடித்தேன்.

அந்நேரம் உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மா மகளோடு வந்தார். நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். மனைவி நிரப்பத் தொடங்கினாள். நான் இங்கே ‘தொடர்க’ என்பதை அழுத்தினேன்.

“என்னங்க, நெட்டு போயிட்டு.”

என் பக்கமும் பாதியில் நின்றது. திரும்ப அழுத்தினேன்.

“வந்துட்டு. இல்ல, போயிட்டு. போட்டோ ஏற மாட்டங்கு.”

“அண்ணாச்சி உள்ள என்னதான் செய்யுதாவ?” என்று அந்த அம்மா கேட்டார்.

“செத்த கம்ப்யூட்டருக்கு உயிர் குடுக்காவ. அதுக்குள்ள என் கம்ப்யூட்டரு போய்ச் சேந்துரும் போல.”

இருவரும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. “அத்த, அஞ்சு மணிக்கு சைட்ட மூடிருவாங்களா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

இரண்டு அறைக்கும் நெட் கொடுக்கும் மோடத்தில் கோளாறோ என்று, அதிலிருந்து வரும் என் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். முன்னறையிலிருந்து மனைவி, “வந்துட்டு.” மாட்டினேன். “போயிட்டு.” அப்போதுதான் விளங்கியது. ஒரே எண்ணை இரண்டு கம்ப்யூட்டரும் சொன்னால் மோடம் யாருக்கென்று அனுப்பும்?

எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். முன்னறையில் புதுமுகங்கள். கேபிளைப் பிடுங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போட்டோ ஏறியது. மார்க் ஷீட் ஏறியது.

“ஏளா, இதா உன் கையெழுத்து? கோழி கிண்டுன மாதிரி இருக்கு.”

“சும்மா இரும்மா.”

“சப்மிட் ஆயிட்டு” என்றாள் மனைவி. அந்தப் பிள்ளை மூச்சு விட்டது எனக்கு உள்ளே வரை கேட்டது.

மனைவி உள்ளே எட்டிப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். திரையில் தன் கம்ப்யூட்டரின் பெயரைப் பார்த்தாள்.

“என்ன கோளாறாம் மதினி?” வெளியிலிருந்து அந்த அம்மாவின் குரல்.

“கேபிளு. அவங்க இம்புட்டு நேரமும் கையில புடிச்சிக்கிட்டே இருந்திருக்காவ. அதான் ஏறிச்சு.”

அவள் சொன்னதில் பொய் இல்லை. அந்தப் பிள்ளை வாசலருகே வந்து, “தேங்க்ஸ் மாமா” என்றது. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர்கள் போனதும் மனைவி ஸ்டூலை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எண்ணில் கடைசி இலக்கத்தை மாற்றினோம். அடுத்து, பெயர் கேட்கும் கட்டம் வந்தது.

“பேரையாவது நீங்களா யோசிச்சு வையுங்க” என்றாள்.