தள்ளிக் கட்டிய தூண்

மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் நிலம் சரிவானது. அதை உழ வந்த டிராக்டர்காரர் கறுத்து மெலிந்தவர். தோளில் பச்சைத் துண்டு. தாமிரபரணிக் கரை வயலை உழுதுவிட்டு நேராக வந்திருந்தார். வந்ததும் ரோட்டிலேயே ஜாக்கி போட்டு, பின்சக்கரங்களைக் கழற்றி, இடம் வலமாக மாற்றி மாட்டினார். இரண்டும் ஒரு சாண் வெளியே தள்ளி நின்றன. துண்டைப் பிடித்து இரு பக்கமும் அளந்துகொண்டார்.

“ஒரு மணி நேர உழவுக்கு இவ்வளவு வேலையா?” என்றேன் எரிச்சலாக.

“சரிவுல சாஞ்சிரும் டீச்சர். அகட்டி வச்சாதான் ஊணி நிக்கும். வீட்டுல ஒருத்தி பாத்துக்கிட்டு இருக்காள்லா.”

எனக்காகக் காத்திருக்க வீட்டில் யாருமில்லை.

அகட்டிய வண்டி எங்கள் கேட்டுக்குள் நுழையவில்லை. அத்தனை அளந்தவர் கேட்டை அளக்கவில்லை. தலையைச் சொறிந்து சிரித்தார். மறுபடி கழற்றி மாட்டி, உள்ளே கொண்டுபோய்த் திரும்பவும் அகட்டி, பைய உழுது முடிக்கையில் பொழுது சாய்ந்துவிட்டது.

“அடுத்த மழைக்கு வாரேன் டீச்சர்” என்று போனார்.

மறுவாரமே கேட்டின் ஒரு தூணை இடித்துத் தள்ளிக் கட்டினேன். மூன்று மழைக்காலம் போய்விட்டது. யார் யாரோ வந்து உழுகிறார்கள். சக்கரத்தை ஒருவரும் தொடுவதில்லை. முதல் மழை விழுந்ததும் அந்த அகல வாசலையே நான் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.