ஒரு மறை தள்ளி

எங்கள் வீட்டில் கெட்டுப்போன சாமான் எதுவும் கடைக்குப் போனதில்லை. அப்பாவிடம்தான் போகும். அவர் கைபட்டதில் பாதி பிழைக்கும், மீதி ஒரேயடியாகக் கண்ணை மூடும். மிக்ஸி, மின்விசிறி, சுவர்க் கடிகாரம் என்று ஆரம்பித்தவர், ஐம்பதை நெருங்கும்போது பழைய கேமரா லென்ஸ்களுக்கு வந்து சேர்ந்தார். அதுவரை கொஞ்சநஞ்சம் கிடைத்துக்கொண்டிருந்த அப்பாவும் அதோடு கைநழுவிப் போனார்.

அப்பாவுக்குப் பேருந்துப் பணிமனையில் ஸ்டோர் கீப்பர் வேலை. கம்பிவலை போட்ட ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். மெக்கானிக்குகள் சீட்டை நீட்டினால் நட்டு, போல்ட், பேரிங் என்று எடுத்துக் கொடுப்பார். முப்பது வருடம் எடுத்துக் கொடுத்தாரே தவிர, அதில் ஒன்றைக்கூட அவர் ஒரு வண்டியில் மாட்டியதில்லை. ஒருமுறை ஏதோ பம்ப் கோளாறுக்கு யோசனை சொல்லப் போயிருக்கிறார். "ஸ்டோரு, சீட்டுல என்ன இருக்கோ அதை எடுத்துக் குடு, போதும்" என்று ஒரு மெக்கானிக் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். அன்று முதல் அவர் பெயரே ஸ்டோர் ஆகிவிட்டது. அந்த மெக்கானிக்குகளில் பாதிப் பேர் எங்கள் தெருவில்தான் குடியிருந்தார்கள். அதனால் அப்பாவின் ரிப்பேர் வேலையெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டுதான் நடக்கும்.

எனக்கு அவர்மேல் கோபம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்க நியாயத்தையும் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். பள்ளியில் நான் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய அன்று அவர் வரவில்லை. யாரோ கொடுத்த டேப் ரெக்கார்டரைப் பிரித்துப் போட்டிருந்தார். கணக்குத் தேர்வுக்கு முந்தின நாள் என் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தால், டிவைடரின் இரண்டு முனையும் கல்லில் தேய்த்துத் தட்டையாகிக் கிடந்தன. லென்ஸின் வளையத்தைத் திருகித் திறக்க அப்படித்தான் வேண்டுமாம். பிறகு லேப் டெக்னீஷியன் படிப்பில் ஒரே தாளில் இரண்டு தடவை தோற்றேன். அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை, கவனித்தார் என்றாவது ஆகியிருக்கும்.

மூன்றாவது தடவை தேறினேன். பட்டமளிப்பு விழாவுக்குக் கடிதம் வந்ததும் அவர் மேஜைக்கு எதிரில் போய் நின்று, "அப்பா, நீங்க வரணும்" என்றேன். அவர் தலையை நிமிர்த்தி, "வரேன். படமும் நானே எடுக்கறேன்" என்றார். கல்லூரி ஏற்பாடு செய்த புகைப்படக்காரரின் படம் வேண்டுமா என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதில் 'வேண்டாம்' என்று அப்பாவே டிக் அடித்தார். "அவன் எல்லாரையும் ஒரே மாதிரிதான் எடுப்பான்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மேடையில் நான் நடக்கும்போது அப்பா என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார். எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான், பட்டம்கூட அதற்கப்புறம்தான்.

இந்த விழாவுக்கென்றே பழைய சாமான் கடையில் தூரத்தைக் கிட்டே காட்டும் நீள லென்ஸ் ஒன்றை வாங்கி வந்தார். முன்விளிம்பு நசுங்கியிருந்தது. உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகளில் எண்ணெய் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தது. கிரீஸ் காய்ந்துபோய், ஃபோகஸ் வளையத்தைத் திருப்ப இரண்டு கையும் வேண்டியிருந்தது. "சின்னச் சின்னக் குறைதான்" என்றார் அப்பா. விளிம்புக்குள் மரக்கட்டையைக் கொடுத்து, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்கினார். தகடுகளை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தார். கழற்றிய ஸ்க்ரூக்களை முட்டை அட்டையின் குழிகளில் போட்டு, ஒவ்வொரு குழிக்கும் எண் எழுதிவைத்தார். அடையாளம் போடாமல் எதையும் கழற்றக் கூடாது என்பது அவருடைய ஸ்டோர் சட்டம். எங்கள் வீட்டில் உப்பு ஜாடிக்கும் லேபிள் உண்டு.

ஃபோகஸ் வளையத்துக்கு உள்ளே இரண்டு குழாய்கள், ஒன்றுக்குள் ஒன்று மறையில், அதாவது ஸ்க்ரூவில் இருப்பதுபோன்ற சுழல் பள்ளத்தில், ஓடும். அவை பிரியும் இடத்தில் அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் மறை தொடங்கும் வாய்கள் பல, எதில் நுழைத்தாலும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். ஒரு வாய் தள்ளி நுழைந்தால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் லென்ஸுக்குத் தூரம் எட்டாது. அப்பா பேனாவால் கோடு போட்டார். போட்டுவிட்டு, பழைய கிரீஸைச் சுத்தம் செய்கிறேன் என்று குழாய்களை ஸ்பிரிட்டில் போட்டு அலசினார். கிரீஸோடு கோடும் போய்விட்டது. ஊருக்கெல்லாம் லேபிள் ஒட்டுகிற மனிதர் தன் அடையாளத்தைத் தானே துடைத்துவிட்டு, குத்துமதிப்பாக மாட்டினார். இதெல்லாம் பிற்பாடு அவர் வாயாலேயே வந்தது.

ஒரு வாரம் சோதித்தார். சுவர்க் காலண்டர், தீப்பெட்டி, அம்மாவின் வளையல் என்று எடுத்த படமெல்லாம் துல்லியமாக விழுந்தது. எல்லாமே கதவைச் சாத்திய அவர் அறைக்குள் எடுத்தவை. வாசலில் முழுத் தெரு நீண்டு கிடந்தது. ஆனால் கேமராவோடு வெளியே வந்தால் மெக்கானிக்குகள் பார்ப்பார்களே, ஸ்டோருக்கு வந்த வாழ்வைப் பாரு என்பார்களே.

விழா அன்று பெற்றோருக்குக் கடைசி வரிசையில் இடம். அம்மா கைபேசியைத் தூக்கியிருக்கிறாள். "உள்ள வை. அந்த வெளிச்சம் குறுக்க வருது" என்று அப்பா அதட்டவும் பைக்குள் போட்டுவிட்டாள். என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறிச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, அப்பாவின் திசையில் திரும்பிச் சிரித்தேன். முகத்தைக் கேமரா மறைத்திருந்தது. அவ்வளவு நன்றாக என் வாழ்க்கையில் நான் சிரித்ததில்லை.

வீட்டுக்கு வந்து கணினியில் படத்தைத் திறந்தார். நாலு வரிசை முன்னால் இருந்த வழுக்கைத் தலையில் வியர்வை முத்து முத்தாகத் தெரிந்தது. பக்கத்திலிருந்த பெண்ணின் சட்டைக் காலரில் துணிக்கடைச் சீட்டைக்கூடப் படிக்க முடிந்தது. மேடை இருக்க வேண்டிய இடத்தில் மங்கலாக ஒரு மஞ்சள் வெளிச்சம். அதன் நடுவில் கறுப்பாக ஒரு கறை, கறையின் நுனியில் ஏதோ வெள்ளை. கறைதான் நான். பன்னிரண்டு படம் எடுத்திருந்தார், பன்னிரண்டிலும் அதே வழுக்கை.

அவர் லென்ஸைக் கழற்றிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் குசுகுசுத்தாள். "எடுக்கும்போதே மங்கலாத்தான் தெரிஞ்சுதாம்டி. உன்னைப் பாத்து கண்ணு கலங்கிடுச்சுன்னு நெனச்சாராம்."

படம் போனது போகட்டும் என்று அந்த நிமிடமே மனம் இளகிவிட்டது எனக்கு. அப்பா என்னைப் பார்த்து அழுதிருக்கிறார், வேறென்ன வேண்டும்? இரண்டு நாள் அதை யாரிடமும் சொல்லாமல் எனக்குள்ளேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் பொறுக்காமல் அவர் அறைக்குப் போய், "அப்பா, அன்னிக்கு அழுதீங்களா?" என்று கேட்டேன்.

"அட, அதெல்லாம் இல்லம்மா, லென்ஸ்தான்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "ஒரு மறை தள்ளி மாட்டிட்டேன். நான்கூட என் கண்ணுலதான் கோளாறோன்னு பயந்துட்டேன்."

கண்ணில் கோளாறு இல்லை என்பதில் அவருக்கு அத்தனை நிம்மதி. அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில் யாருமே நம்ப முடியாதபடி, கேமராவோடு வாசலுக்கு வந்தார். ஒவ்வொரு வாயாக நுழைத்துப் பார்த்துச் சரியான மறையைப் பிடித்துவிட்டாராம். தெருக்கோடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியை எடுத்த படத்தைக் காட்டினார். தொட்டியில் எழுதியிருந்த எண் பளிச்சென்று இருந்தது. "சான்றிதழை எடுத்துட்டுப் போய் அங்க நில்லு, எடுத்துடலாம்" என்றார். கறுப்பு அங்கியைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது என்றேன். "அங்கி எதுக்கு, முகம்தானே முக்கியம்" என்றார். அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். வீட்டு உடுப்போடு போய் நின்றேன்.

மெக்கானிக்குகள் வாசல்களில் வந்து நின்றார்கள். எண்பது அடி தூரத்தில் அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு வளையத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். மேடையில் நான் சிரித்த சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தது. அதை யாருமே பார்க்கவில்லை என்பதும் அப்போதுதான் முழுதாக உறைத்தது. கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கினேன்.

"கையை இறக்கு. ஆடாத" என்று கத்தினார் அப்பா.

அந்தப் படம் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா அதைக் காட்டுகிறார். பணிமனையில் அவரை முதலில் 'ஸ்டோரு' என்ற அந்த மெக்கானிக்கைக்கூட ஒருநாள் கையைப் பிடித்து அழைத்துவந்து அதன் முன்னால் நிறுத்தினார். அவன் படத்தைப் பார்த்தான், என்னைத் திரும்பிப் பார்த்தான், சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். அப்பா அதையும் பார்க்கவில்லை.

"எண்பது அடி" என்றார் அவனிடம். "புருவத்துல ஒவ்வொரு முடியா எண்ணலாம். இங்க பாரு, கன்னத்துல வெளிச்சம் பட்டு மினுங்குது, அதுகூட அப்படியே விழுந்திருக்கு."

அது வெளிச்சம் இல்லை என்று நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.